பண்டைய ரோமானியரின் கட்டிலும் மேசையும்: மறுமலர்ச்சிக் கால வரைபடங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

15, 16ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலியில் வாழ்ந்த ஓவியர்களும் அறிஞர்களும் பண்டைய ரோமானியர் வீட்டுச் சாமான்களை விடாமல் வரைந்தார்கள். சாய்ந்து படுத்துச் சாப்பிடும் கட்டில், மூன்று கால் மேசை, அதிகாரிகளின் மடக்கு நாற்காலி, ஆளுயர விளக்குத் தண்டு என்று ஒன்றையும் விடவில்லை. இத்தனைக்கும் மரத்தில் செய்த ஒரு முழு ரோமானியக் கட்டில் அவர்கள் கண்ணில் பட வாய்ப்பே இல்லை. அந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்தப் படங்கள் வேறு மாதிரி தெரியும். இவற்றைப் பற்றி என்னிடம் பலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பார்க்காத சாமானை எப்படி வரைந்தார்கள்?

கல்லைப் பார்த்து, காசைப் பார்த்து, ஏட்டைப் படித்து வரைந்தார்கள்.

மரம் மக்கிப் போகும். வெண்கலத்தை உருக்கி வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். ரோமானிய மரச்சாமான்கள் ஓரளவு முழுதாகக் கிடைத்தது வெசூவியஸ் எரிமலை மூடிய ஊர்களில்தான். ஹெர்குலேனியத்தில் அகழாய்வு தொடங்கியது 1738இல், பாம்பேயில் 1748இல். இந்தப் படங்களை வரைந்த லிகோரியோவும் அவற்றை ஆராய்ந்த ஓர்சினியும் (இருவரும் பின்னால் வருகிறார்கள்) செத்துச் சுமார் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு நடந்தவை இவை.

அவர்கள் கையில் இருந்தவை வேறு. கல் சவப்பெட்டிகளின் பக்கங்களில் செதுக்கிய புடைப்புச் சிற்பங்கள் இருந்தன. இறந்தவர் விருந்துக் கட்டிலில் சாய்ந்திருப்பது போன்ற கல்லறைப் பலகைகள் இருந்தன. வயலில் உழும்போதும் அஸ்திவாரம் தோண்டும்போதும் பழைய நாணயங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. 1480 வாக்கில் நீரோ மன்னனின் தங்க மாளிகை மண்ணுக்கடியில் கண்டுபிடிக்கப்பட்டது. ஓவியர்கள் கூரைத் துளை வழியாக இறங்கி, விளக்கு வெளிச்சத்தில் சுவர் ஓவியங்களைப் பார்த்து வரைந்தார்கள். சிலர் தங்கள் பெயரையே சுவரில் எழுதிவிட்டு வந்தார்கள்.

பளிங்கில் செய்த சில உண்மையான சாமான்களும் மிஞ்சியிருந்தன. சிங்கப் பாதமும் இறக்கையும் வைத்துச் செதுக்கிய மேசைக் கால்கள், அரியணைகள், விளக்குத் தண்டுகள் ஆகியவை. ரோமில் சாந்தா ஆக்னேசே, சாந்தா கோஸ்தான்ஸா ஆலயங்களில் இருந்த பளிங்கு விளக்குத் தண்டுகளைப் பல தலைமுறை ஓவியர்கள் போய் வரைந்திருக்கிறார்கள். நம் குத்துவிளக்கைப் போல அடுக்கடுக்காக ஏறும் உருவம். கீழே மூன்று பக்கப் பீடம், மேலே இலைக்கொத்துகள். வரைந்து பழகுவதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

எந்தச் சிற்பத்தை வைத்துக் கட்டிலைப் புரிந்துகொண்டார்கள்?

ஒன்றை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். மது தெய்வமான டயோனிசஸ் ஒரு மனிதனின் வீட்டுக்கு விருந்தாளியாக வரும் காட்சி அது. இகாரியஸ் புடைப்புச் சிற்பம் என்று பெயர். இதற்குப் பல பிரதிகள் உண்டு. ஒன்று நேப்பிள்ஸில் ஃபர்னேசே சேகரிப்பில் இருக்கிறது. இன்னொன்று டவுன்லி சேகரிப்போடு 1805இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்தது.

தெய்வம் நன்றாகக் குடித்திருக்கிறது, நிற்க முடியாமல் பின்னால் ஒருவன் தாங்குகிறான். காலடியில் குனிந்து ஒரு குட்டி சேட்டர் (டயோனிசஸின் பரிவாரத்தில் வரும் காட்டுத் தேவன்) செருப்பைக் கழற்றுகிறான். வீட்டுக்காரன் கட்டிலில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்தபடி, திரும்பி வரவேற்கிறான். கட்டிலுக்கு முன்னால் தாழ்ந்த ஒரு மேசை. பக்கத்தில் தாழ்வான பீடத்தில் நாடக முகமூடிகள்.

மறுமலர்ச்சிக் கால அறிஞனுக்கு இந்தக் கதையைவிட அந்தக் கட்டில்தான் முக்கியம். மெத்தை எவ்வளவு தடிமன், முழங்கைக்குக் கீழே திண்டு எப்படி மடிந்திருக்கிறது, விரிப்பு எதுவரை தொங்குகிறது, படுத்திருப்பவனின் கை மேசைக்கு எட்டுமா? எட்டும். மேசை கட்டிலைவிடத் தாழ்வாக இருப்பது ஏன் என்பது அப்போதுதான் விளங்குகிறது. செருப்பைக் கழற்றுவதும் அப்படித்தான்: கட்டிலில் ஏறிப் படுப்பவன் காலணியோடு ஏற மாட்டான். இந்தச் சிற்பம் ரோமானிய விருந்து முறைக்குச் சாட்சியாக 16ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ரோமில் அச்சுப்படமாக விற்பனைக்கு வந்துவிட்டது.

இன்னொன்று 'போலிக்ளீட்டஸின் கட்டில்' என்று அன்று பிரபலமாக இருந்த சிற்பம். கட்டிலில் ஒருவன் தூங்குகிறான், விளிம்பில் ஒரு பெண் முதுகைக் காட்டி உடலைத் திருப்பி உட்கார்ந்திருக்கிறாள். சிற்பி கிபெர்ட்டி விட்டுச் சென்ற பழம்பொருள்களில் இது மிக அரியது என்று ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி குறிப்பிட்டிருக்கிறார். மூலம் இன்று கையில் இல்லை, பிரதிகள்தான் உண்டு. ஆனால் அந்தப் பெண்ணின் முதுகை நீங்கள் பார்த்திருக்கலாம். வெனிஸ் ஓவியர் டிஷியன் 1554இல் ஸ்பெயினின் ஃபிலிப்புக்கு அனுப்பிய வீனஸ், அடோனிஸ் ஓவியத்தில் வீனஸ் உட்கார்ந்திருக்கும் விதம் அந்தச் சிற்பத்திலிருந்து வந்ததுதான். கட்டிலைப் பார்க்கப் போனவர்கள் உட்கார்ந்திருந்தவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அரியணைக்கு ராவென்னா. அங்கே சான் விட்டாலே ஆலயத்தில் ஒரு பழைய பலகை இருக்கிறது. கடல் தெய்வம் நெப்டியூனின் இருக்கை, மேலே துணி போர்த்தியிருக்கிறது, ஆனால் உட்கார ஆளில்லை. சுற்றிலும் குட்டிச் சிறகர்கள் திரிசூலத்தையும் சங்கையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். மார்கோ தென்தே இதை 1519இல் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டார். ராவென்னாவுக்குப் போக முடியாத ஓவியர்களுக்கும் அதன்பிறகு அந்த வெற்று இருக்கை வீடு தேடி வந்தது.

டிரிக்லினியம் என்றால் என்ன? அதைப் பற்றி ஏன் இவ்வளவு படங்கள்?

மூன்று சாய்கட்டில்களை 'ப' வடிவில் போட்ட சாப்பாட்டு அறை. ஒரு பக்கம் திறந்திருக்கும், பரிமாறுபவர்கள் அந்த வழியாக வருவார்கள். கட்டிலுக்கு மூன்று பேர், மொத்தம் ஒன்பது. விருந்துக்கு ஆட்கள் மூன்றுக்குக் குறையவும் கூடாது, ஒன்பதுக்கு மிஞ்சவும் கூடாது என்று வர்ரோ என்ற ரோமானிய அறிஞர் சொல்லி வைத்தார். அருள்தேவியர் மூவர், கலைதேவியர் ஒன்பதின்மர், அந்தக் கணக்கு.

படம் தேவைப்பட்டதற்குக் காரணம், படித்தவர்களுக்கே வாசகம் புரியவில்லை என்பதுதான். கவிஞர் ஹோரஸ் ஒரு விருந்தை விவரிக்கிறார். யார் மேலே, யார் கீழே, யாருக்குப் பக்கத்தில் யார் என்று ஒன்பது பேரையும் வரிசையாகச் சொல்கிறார். மேல் கட்டில், நடுக் கட்டில், கீழ்க் கட்டில் என்றால் எந்தப் பக்கம்? மரியாதைக்குரிய இடம் எந்த மூலையில்? கட்டிலை வரைந்து, ஆளைப் படுக்க வைத்துப் பார்த்தால்தான் பாட்டு விளங்கும். நம் வீட்டுக் கல்யாணத்தில் சம்பந்தி எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று தெரியாதவனுக்கு வார்த்தையில் விளக்கிப் பாருங்கள், அந்தக் கஷ்டம் தெரியும்.

இந்த ஆராய்ச்சி எங்கே அச்சேறியது என்பதும் சுவையானது. ஜிரோலமோ மெர்குரியாலே ஒரு மருத்துவர். பண்டையோரின் உடற்பயிற்சி பற்றி நூல் எழுதி 1569இல் வெனிஸில் வெளியிட்டார். 1573இல் வந்த இரண்டாம் பதிப்பில் மரக்கட்டை அச்சுப் படங்கள் சேர்ந்தன. பல படங்களுக்கு மூலம் பிர்ரோ லிகோரியோவின் வரைபடங்கள். மல்யுத்தம், கயிறு ஏறுதல் ஆகியவற்றுக்கு நடுவே சாப்பாட்டுக் கட்டிலும் இருக்கிறது. பயிற்சி முடிந்து, குளித்து, பிறகு சாப்பிடப் போவது ஒரே நாள் ஒழுங்கின் தொடர்ச்சி. அதனால் மருத்துவருக்கு அது வேறு விஷயமாகத் தெரியவில்லை.

அப்புறம் 1588இல் ரோமில் பெட்ரோ சாகோனின் நூல் வந்தது. முழுக்க டிரிக்லினியம் பற்றியே. சாகோன் டொலேடோக்காரர், கிரிகோரியன் நாட்காட்டியை வகுத்த குழுவில் இருந்தவர். 1581இல் இறந்துவிட்டார். நூல் வெளிவரும்போது ஃபர்னேசே குடும்பத்தின் நூலகரான ஃபுல்வியோ ஓர்சினி படங்களோடு நீண்ட பிற்சேர்க்கை எழுதிச் சேர்த்தார்.

இதில் பைபிளுக்கு என்ன சம்பந்தம்?

நெருங்கிய சம்பந்தம் உண்டு. லூக்கா 7ஆம் அதிகாரத்தில் ஒரு பரிசேயன் வீட்டில் இயேசு சாப்பிடுகிறார். ஒரு பெண் அவருக்குப் பின்னால், பாதங்களின் அருகே நின்று அழுது, கண்ணீரால் பாதங்களை நனைக்கிறாள். மேசைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் பாதம் மேசைக்கு அடியில் அல்லவா இருக்கும்? பின்னால் நிற்பவளுக்கு அது எப்படி எட்டும்?

சாய்கட்டிலில் படுத்திருந்தால் தலை மேசைப் பக்கம், கால் வெளிப்பக்கம் நீட்டியிருக்கும். பின்னால் வந்து நிற்பவளுக்கு முதலில் எட்டுவது பாதம்தான். கடைசி இராவுணவில் அன்பான சீடன் இயேசுவின் மார்பில் சாய்ந்திருந்ததும் அப்படியே புரிகிறது: இடது முழங்கையை ஊன்றிப் படுத்தால், அடுத்தவரின் தலை நம் மார்பருகே வரும். அந்தக் கால அறிஞர்கள் கட்டிலின் வடிவத்துக்காக இவ்வளவு மெனக்கெட்டதற்கு இது ஒரு பெரிய காரணம்.

தமிழ் பைபிளில் அந்த இடத்தில் 'பந்தியிருந்தார்' என்று வருகிறது. அழகான சொல். ஆனால் பந்தி என்றதும் நமக்கு இலை போட்டுத் தரையில் வரிசையாக உட்காருவதுதான் கண்ணில் வரும். அந்தப் படத்தோடு படித்தாலும் பெண் எங்கே நின்றாள் என்பது தெளிவாகாது. எனக்கு அந்த வசனம் சரியாக விளங்கியது டிரிக்லினியம் படத்தைப் பார்த்த பிறகுதான்.

பிர்ரோ லிகோரியோவை நம்பலாமா?

இந்தக் கேள்வி எல்லாரும் கேட்பது. கேட்க வேண்டியதும்கூட.

நேப்பிள்ஸில் பிறந்து 1534இல் ரோமுக்கு வந்தவர். ஓவியர், கட்டடக் கலைஞர். திவோலியில் உள்ள வில்லா தெஸ்தே இவர் வடிவமைத்தது. பக்கத்திலிருந்த ஹேட்ரியன் மன்னனின் மாளிகையில் அகழ்ந்து பார்த்தவர். மைக்கேலாஞ்சலோவுக்குப் பிறகு புனித பேதுரு பேராலயப் பணி இவரிடம் வந்தது, பின் கைமாறியது. கடைசிக் காலத்தில் ஃபெராராவுக்குப் போய் 1583இல் அங்கேயே இறந்தார். எழுதியும் வரைந்தும் விட்டுப்போனவை மலைக்க வைக்கும்: நேப்பிள்ஸில் 10 தொகுதிகள், டுரினில் 30. டுரின் தொகுதிகளில் பெரும்பகுதி பழம்பொருள்கள் பற்றிய அகரவரிசைக் கலைக்களஞ்சியம்.

குற்றச்சாட்டு என்ன? இவர் கல்வெட்டுகளைத் தானாகவே உண்டாக்கி எழுதிவிட்டார் என்பது. 19ஆம் நூற்றாண்டில் லத்தீன் கல்வெட்டுகளைத் தொகுத்தவர்கள், ரோம் நகரத் தொகுதியில் மட்டும் இவர் பேரில் ஏறத்தாழ 3,000 கல்வெட்டுகளைப் போலி என்று தனியே ஒதுக்கினார்கள். அவருக்கு லத்தீன் தெரியாது என்று அவர் காலத்து நண்பர் அந்தோனியோ அகுஸ்தினே 1587இல் வந்த நூலில் சொல்லிவிட்டார். லத்தீன் தெரியாமலேயே நாற்பதுக்கு மேற்பட்ட நூல் எழுதியவர் என்று அவர் குறிப்பிட்டது பாராட்டாகவும்தான்.

என் கருத்தைச் சொல்கிறேன். கல்வெட்டு விஷயத்தில் அவரைத் தனித்து நம்பக் கூடாது. சாமான் விஷயம் கொஞ்சம் வேறு. லிகோரியோ யோசித்தது கட்டடக்காரரின் மூளையோடு. தூணின் உடைந்த துண்டைப் பார்த்து முழுத் தூணை எழுப்புவது அவர் தொழில். அதே கையால் உடைந்த மேசைக் காலைப் பார்த்து முழு மேசையை எழுப்பினார். கல்லில் ஒரு கட்டிலின் முன்பக்கம்தான் இருக்கிறது, பின்பக்கம் இல்லை. அவர் பின்பக்கத்தையும் வரைவார். எங்கே பார்த்ததை வரைந்தார், எங்கே நினைத்ததை வரைந்தார் என்று கோடு போட்டுக் காட்டவில்லை என்பதுதான் சிக்கல். பல படங்களுக்கு மூலமான கல் இன்று இல்லை. அதனால் அவரைத் தூக்கிப் போடவும் முடியாது. இன்னொரு சாட்சியோடு சேர்த்துப் படிக்க வேண்டியவர்.

அவருக்கு நேர் எதிரான பழக்கமும் அன்று இருந்தது. 1550 வாக்கில் உருவான கோபுர்க் சுவடியில் கல் எப்படி இருக்கிறதோ அப்படியே வரைந்திருக்கிறார்கள். மூக்கு உடைந்திருந்தால் உடைந்த மூக்கு. கட்டில் கால் போயிருந்தால் போனது போனதுதான். சாமானை ஆராய்பவருக்கு இந்தச் சுவடி பொக்கிஷம்.

நாணயத்தில் நாற்காலி இருக்குமா?

இருக்கும், நிறைய. குறுக்குக் கால் வைத்து மடக்கக்கூடிய நாற்காலி ரோமில் உயர் அதிகாரிகளின் அடையாளம். கூரூல் இருக்கை என்பார்கள், தந்தத்தால் அலங்கரித்தது. கி.பி. 80இல் டைட்டஸ் மன்னன் அடித்த வெள்ளிக் காசுகளில் அந்த நாற்காலி இருக்கிறது, துணி போர்த்திய இருக்கையில் இடியாயுதம் வைத்த காட்சி இருக்கிறது, முக்காலியின் மேல் டால்பின் இருக்கிறது. தெய்வங்களுக்கு இருக்கை போட்டு விருந்து வைக்கும் சடங்கோடு இவற்றைத் தொடர்புபடுத்துவது வழக்கம். வெசூவியஸ் வெடித்தது கி.பி. 79இல். உண்மையான மரச்சாமான்கள் சாம்பலுக்கடியில் போன மறு வருடம் அடித்த காசு இது.

ஏனேயா வீகோ போன்றவர்கள் 1548 முதல் பேரரசர் காசுகளைப் பெரிதாக்கிச் செப்புத்தகட்டில் அச்சிட்டார்கள். 2 சென்டிமீட்டர்கூட இல்லாத வெள்ளித் துண்டில் நாற்காலிக் கால் ஒரு மயிரிழை. அதைப் பெரிதாக்கும்போது கடைசல் கால் என்று ஒருவர் படிப்பார், மிருகக் கால் என்று இன்னொருவர் படிப்பார். படங்களுக்கிடையே உள்ள பல வேறுபாடுகள் இங்கேதான் பிறந்தன.

மறுமலர்ச்சிக் கால வீடுகளில் இருந்த குறுக்குக்கால் நாற்காலி இந்தப் படங்களைப் பார்த்துச் செய்ததா?

இல்லை. மடக்கு இருக்கை இடைக்காலம் முழுக்கப் புழக்கத்தில் இருந்தது. பாரிஸில் உள்ள, தாகோபெர் மன்னர் பெயரால் வழங்கும் மடக்கு அரியணை அதற்குச் சாட்சி. வரைபடம் வருமுன்னே தச்சருக்கு அது தெரிந்திருந்தது. தாந்தே நாற்காலி, சவொனரோலா நாற்காலி என்ற பெயர்களெல்லாம் பின்னால் வைத்தவை.

அப்படியானால் படத்தைப் பார்த்து எதுவுமே செய்யவில்லையா?

செய்தார்கள். பெரிய உதாரணம் ஃபர்னேசே மேசை. கட்டடக் கலைஞர் விஞோலா வடிவமைத்தது, 1560களின் பிற்பகுதி வேலை. ரோமில் ஃபர்னேசே அரண்மனைக்காகச் செய்தது, 1958 முதல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீளம் 3.8 மீட்டர். மேல் பலகையில் வண்ணக் கற்களை இழைத்திருக்கிறார்கள். தாங்கி நிற்பவை மூன்று கனத்த பளிங்குக் கால்கள். பழைய ரோமானியப் பளிங்கு மேசைக் கால்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை எங்கிருந்து வந்தன என்று உடனே தெரியும். அந்த மேசையில் யாரும் படுத்துச் சாப்பிடவில்லை என்பதைக் கவனியுங்கள். உருவத்தை எடுத்துக்கொண்டார்கள், பழக்கத்தை எடுக்கவில்லை.

மணப்பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்ப்பெட்டியும் 16ஆம் நூற்றாண்டில் கல் சவப்பெட்டியின் உருவத்தை எடுத்தது: சிங்கப் பாதம், வளைந்த வயிறு, பக்கத்தில் புடைப்பு உருவங்கள். நமக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், அவர்களுக்கு அது பழம்பெருமை. பிரான்ஸில் ஆந்த்ரூவே து செர்சோ இறக்கை வைத்த மிருகங்கள் தாங்கும் மேசைகளையும் கட்டில்களையும் அச்சுப்படமாகப் போட்டார்.

எதைக் கொண்டு வரைந்தார்கள்?

கரிக்கோல் அல்லது கருஞ்சுண்ணத்தால் மேலோட்டமாகப் போட்டு, இறகுப் பேனாவில் பழுப்பு மை தொட்டு இறுதிக்கோடு. நிழலுக்கு மையைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் பூசுவார்கள். அளவு எடுத்தால் ரோமானியப் பால்மோவில் எடுப்பார்கள். ஒரு பால்மோ சுமார் 22.3 சென்டிமீட்டர், அதில் 12 பங்கு. நம் சாண் கணக்குதான்.

பிற்பாடு கிடைத்த உண்மையான சாமான்களோடு ஒப்பிட்டால் எவ்வளவு சரி?

கால்கள் சரி. வளையம், குடம், மணி என்று அடுக்கடுக்காகக் கடைந்த கட்டில் கால்களைக் கல்லிலிருந்து சரியாகவே படித்திருந்தார்கள். தாழ்ந்த மூன்று கால் மேசையும் சரி.

உள் அமைப்பில்தான் தடுமாற்றம். சிற்பங்களில் விரிப்பு தொங்கிச் சட்டத்தை மறைத்துவிடும். மெத்தைக்குக் கீழே என்ன இருந்தது என்று கல் சொல்லாது. ரோமானியக் கட்டிலில் வார்களைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டுவது உண்டு, நம் நாடாக் கட்டில் மாதிரி. நாடாக் கட்டிலில் படுத்தவன் அதை உடனே ஊகித்திருப்பான். பல படங்களில் கட்டில் பலகை போட்ட மேடை போலக் கனத்துக் கிடக்கிறது.

அவர்கள் விட்டுவிட்டது அலமாரி. ஹெர்குலேனியத்தில் கருகிய நிலையில் கிடைத்த மரச்சாமான்களில் அலமாரியும் உண்டு, குழந்தைத் தொட்டிலும் உண்டு. தெய்வமும் வீரனும் வரும் சிற்பத்தில் அலமாரிக்கு வேலை இல்லை, அதனால் பெரும்பாலும் செதுக்கவில்லை, அதனால் வரையவும் இல்லை. மறுமலர்ச்சிக் காலத்தார் வரைந்த ரோமானிய வீட்டில் எல்லாரும் விருந்தில் இருக்கிறார்கள், துணியை மடித்து வைக்க இடமில்லை.

இந்தப் படங்கள் பின்னால் என்ன ஆயின?

17ஆம் நூற்றாண்டில் ரோமில் கஸ்ஸியானோ தல் பொஸ்ஸோ என்பவர் பழம்பொருள் வரைபடங்களைத் திரட்டி 'காகித அருங்காட்சியகம்' என்று வைத்தார். லிகோரியோவின் படங்களைப் பார்த்துப் பிரதி எடுக்கவும் செய்தார். அவருடைய நண்பர் ஓவியர் பூசான். 1640களில் பூசான் வரைந்த ஏழு அருட்சாதனங்கள் (கிறிஸ்தவத் திருச்சடங்குகள்) வரிசையைப் பாருங்கள். கடைசி இராவுணவில் சீடர்கள் நீண்ட மேசைக்குப் பின்னால் நாற்காலியில் உட்காரவில்லை, சாய்கட்டிலில் படுத்திருக்கிறார்கள். பாவமன்னிப்பு பற்றிய இன்னொரு ஓவியத்தில், பரிசேயன் வீட்டுக்கு வந்த அந்தப் பெண் இயேசுவின் பாதத்தருகே, பின்னால் இருக்கிறாள். சாகோனும் ஓர்சினியும் ஏட்டில் போராடியது ஓவியத்தில் வந்து சேர்ந்துவிட்டது. தல் பொஸ்ஸோ சேகரிப்பின் பெரும்பகுதியை 1762இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் வாங்கினார். வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது.

வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா?

முடியும். வின்ட்சர் படங்களில் பலவற்றை அரச சேகரிப்பின் இணையதளத்தில் பார்க்கலாம். ரோமில் லஃப்ரேரி விற்ற பழம்பொருள் அச்சுப்படங்களின் பெரிய தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. எந்தச் சிற்பத்தை எந்த ஓவியர் வரைந்தார் என்று தேட, பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் இயங்கும் சென்சஸ் தரவுத்தளம் இருக்கிறது. 1946இல் லண்டன் வார்பர்க் நிறுவனத்தில் தொடங்கிய வேலை அது.

புதிதாகப் பார்க்கிறவர்கள் இகாரியஸ் சிற்பத்திலிருந்து தொடங்குங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் படத்தை ஒரு பக்கம் திறந்து, 16ஆம் நூற்றாண்டு அச்சுப்படத்தை இன்னொரு பக்கம் வையுங்கள். முகங்களைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, விரிப்பின் கீழ் விளிம்பிலிருந்து தரை வரை மட்டும் ஒப்பிடுங்கள்.